பூட்டுக்கண்ணி

ஈஸ்வரமூர்த்தி குளித்துவிட்டு வருவதற்குள் நேற்றைய சட்டை பாதி அவிழ்ந்திருந்தது. சமையலறைச் சுவரில் பதித்திருந்த அவிழ்பின்னி ஒருபக்கம் அந்தச் சட்டையின் நூலை உருவி, கழுவுகுழாயில் நனைத்து, உலர்த்தி, மறுபக்கம் இன்றைய சட்டையைக் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டிருந்தது. நேற்று அது சாம்பல்நிற முழுக்கை. இன்று கழுத்துப்பட்டை வைத்த நீல அரைக்கை. நூல் மட்டும் அவன் பிறந்ததிலிருந்து அவனோடு இருக்கும் அதே நூல்.

அவன் மனைவி பூங்கோதை அவிழும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகுப்பகுதி வந்ததும் இயந்திரம் தயங்கியது. அங்கே கண்ணிகள் சரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டம் விழுந்திருந்தது.

"ஏனுங்க, மறுபடியும் மாட்டிருச்சுங்களா?"

"ஒரு ஆணியில தொட்டுச்சு. எடுத்துட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"எத்தனை நீளத்துக்கு இழுத்துச்சு?"

அவன் ஈரத் தலையைத் துவட்டினான். அவன் வேலை தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளில். நூற்றிருபது மீட்டர் உயரத்தில், சுழலும் பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்று பழுது பார்ப்பவன். தேயாநூல் வழுக்கும், ஆனால் இழுத்தால் அறாது. ஒரு கண்ணி எதிலாவது மாட்டினால் வரிசை வரிசையாக ஓடிவரும். மாட்டியது ஆணியாக இருந்தால் எடுத்துவிடலாம். சக்கரமாக இருந்தால்?

அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், பருத்தி நிலமெல்லாம் உணவுப்பயிருக்குப் போய், நெகிழி இழைகள் மனித இரத்தத்திலேயே மிதக்கின்றன என்று தெரிந்து அவையும் தடைசெய்யப்பட்ட பிறகு வந்தது தேயாநூல். நையாது, சுருங்காது, சாயம் பிடிக்கும், சாயம் விடும். ஆனால் அதைச் செய்வது அரிது. பிறக்கும்போது ஒரு நூல்கண்டு, பள்ளி சேரும்போது ஒன்று, பருவம் வந்ததும் ஒன்று. ஓர் ஆளுக்கு ஆயுளுக்கும் அவ்வளவுதான். இறந்தவரின் நூல் பதினாறாம் நாளுக்குள் மீட்பகத்துக்குப் போய், புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பிறவிநூலாகிவிடும். திருப்பூரில் யார் வீட்டிலும் பழைய துணி என்று ஒன்று கிடையாது. கல்யாணச் சீலைகூட மூன்றாம் நாள் தலையணை உறையாகிவிடும்.

பூங்கோதை நொய்யல் கரையில் இருந்த பின்னல் ஆய்வகத்தில் வடிவமைப்பாளர். அவள் கேட்டு வாங்கிக்கொண்ட திட்டம் ஒன்றுதான்: ஓடாத பின்னல். எட்டு மாதமாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. முதலில் ஒன்றுவிட்டு ஒரு ஊசியில் கண்ணியை இறக்காமல் தேக்கிவைத்துப் பார்த்தாள். துணி தேனடை மாதிரி புடைத்து அழகாக வந்தது. இழுத்தால் ஓடியது. சில ஊசிகளைத் தாண்டிப் பின்னினாள். பின்பக்கம் நூல் பாலம் பாலமாகத் தொங்கி, முன்னைவிட எளிதாக மாட்டியது. மூன்று கண்ணிகளை மூன்று கண்ணிகளுக்குக் குறுக்காக மாற்றிப் பார்த்தபோது ஊசிகளே முறிந்தன. மேசை நிறையச் சதுரத் துண்டுகள். மாலையில் எல்லாவற்றையும் அவிழ்த்து, நூலை ஆய்வகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

வழி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்வரமூர்த்தி வாசலில் உட்கார்ந்து பாதுகாப்புக் கயிற்றின் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஒரே கயிற்றில் இரண்டு கொக்கிகள்.

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒண்ண மேல மாட்டுன பொறவுதான் இன்னொண்ணக் கழட்டோணும். எந்நேரமும் ஒண்ணு புடிச்சுட்டே இருக்கும். ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டா, அவ்வளவுதான்."

அவள் அந்தக் கொக்கிகளை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் ஒரு கண்ணியை முழுதாக மாற்றாமல், பாதியை அதன் சொந்த ஊசியிலும் பாதியைப் பக்கத்து ஊசியிலும் நிறுத்தினாள். அடுத்த வரிசை நூல் இரண்டு கண்ணிகளுக்குள்ளும் ஒன்றாக நுழைந்தது. திரும்பி வரும் வரிசையில் ஒரு முறுக்கு. வந்த துண்டு கொஞ்சம் கனமாக, உள்ளங்கைச் சூட்டில் மெத்தென்று இருந்தது. கத்தி முனையால் ஒரு கண்ணியைக் குத்தி இழுத்தாள். ஓடவில்லை. கீழிருந்து இழுத்தாள், மேலிருந்து இழுத்தாள். நூலின் நுனியைப் பிடித்து முழுப் பலத்தோடு உருவினாள். ஒரு கண்ணிகூட அசையவில்லை.

அதற்குப் பூட்டுக்கண்ணி என்று பெயர் எழுதி, ஆய்வக இயக்குநர் ஹபீபாவிடம் கொண்டுபோனாள்.

ஹபீபா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அந்தத் துண்டை அவிழ்பின்னியில் கொடுத்தார். அது நுனியைக் கவ்வியது, திணறியது, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுபோனது.

"நல்லா பண்ணியிருக்கீங்க கோதை. ஆனா இதத் திரும்ப எடுக்க முடியாதே."

"அதுதானுங்க மேடம் வேணும். காத்தாலைக்காரங்களுக்கு மட்டுமாச்சும்..."

"ஒரு சட்டை பூட்டுனா ஒரு குழந்தையோட நூல் போச்சு. அந்த ஆளு வேலைய விட்ட பொறவு? செத்த பொறவு? நூலுக்குக் குழி வெட்டுற மாதிரிம்மா இது." ஹபீபா துண்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "அவுக்கிற வழியையும் கண்டுபிடிங்க. அப்புறம் நானே கையெழுத்துப் போடுறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை என்று பூங்கோதைக்குத் தெரியும். அவிழ்க்கும் வழியைத் தேடத் தொடங்கினாள். தேடத் தொடங்கிய பத்தொன்பதாம் நாள், காற்றாலை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஆய்வகத்துக்கு வந்து, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்கள்.

முதுகில்தான் மாட்டியிருந்தது. சக்கரம் நூலைச் சுற்ற, நூல் வரிசை வரிசையாக ஓட, ஓடி முடிந்த இடத்தில் கழுத்துப்பட்டை இறுகியது. கூட இருந்தவர் விசையை நிறுத்த எடுத்துக்கொண்டது நான்கு விநாடிகள். சட்டையில் மிச்சமிருந்தது நெஞ்சுப்பகுதியும் ஒரு கையும்தான். மற்றதெல்லாம் மருத்துவமனையார் கொடுத்த பையில் நூல்பந்தாகக் கிடந்தது.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் போன பிறகு, பூங்கோதை அந்தப் பையோடு ஆய்வகத்துக்குப் போனாள். மதிய உணவு நேரம், யாருமில்லை. அவனுடைய அளவுகளை அவள் ஏட்டைப் பார்த்து எடுக்கவேண்டியதில்லை. தோள், மார்பு, வலது கை இடது கையைவிட அரை அங்குலம் நீளம். நூல் முழுவதையும் ஒரே சட்டையாக, நீல நிறத்தில், ஒரு கண்ணி விடாமல் பூட்டிப் பின்னினாள்.

பதினாறாம் நாள் மீட்பகத்து ஊழியர் கையடக்க அவிழ்பின்னியோடு வீட்டுக்கு வந்தார். நடுவயதுக்காரர். அவள் நீட்டிய சட்டையை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு. திருப்பி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"இதென்னங்க அம்மிணி, நுனியே எடுக்க மாட்டேங்குது?"

"எடுக்க வராதுங்க. பூட்டிட்டேன்."

அவர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுடைய தங்கை செங்கமலம் கதவோரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஊழியர் சட்டையை இரண்டாக மடித்தார். மடிப்பு கலையாமல் நின்றது. அப்படி ஒரு துணியை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

"என்ற அப்பன் போயி ஆறு வருசமாச்சு," என்றார். "அவரு போட்டிருந்த துணிய நானேதான் அவுத்தேன். டூட்டி." பிறகு பதிவில் 'மீட்க இயலாதது' என்று எழுதி, சட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "இந்தப் பின்னல எனக்கும் கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

அவள் சொல்லித் தந்தாள். முதலில் அவருக்கு. பிறகு பக்கத்து வீதியில் மகளைப் பறிகொடுத்த ஒரு தம்பதிக்கு. பிறகு கேட்டு வந்த யாருக்கும். மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. தான் வைத்திருப்பதை இன்னொருவர் வைத்திருக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வாள்? ஓர் ஆண்டுக்குள் பூட்டுக்கண்ணியின் பின்னல்குறிப்பு ஊர்விட்டு ஊர், மாநிலம்விட்டு மாநிலம் போயிற்று. காற்றாலைகளிலும் ஆலைகளிலும் வேலையுடையை அதில் பின்ன அரசே ஆணையிட்டது. அதற்குப் பிறகு நூல் மாட்டி ஒருவரும் சாகவில்லை. அந்தச் செய்தியை ஹபீபா அவளிடம் காட்டியபோது, அவள் அதை இருமுறை படித்துவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆனால் மக்கள் வேலையுடையோடு நிற்கவில்லை. இறந்தவர்களின் துணிகளைப் பூட்டினார்கள். பிறகு இருப்பவர்களுடையதையும். குழந்தையின் முதல் சட்டை, மஞ்சள்நீர்ச் சீலை, நிச்சயத்தன்று போட்டிருந்த மேலங்கி. வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு, அவிழ்ப்பது கொலை மாதிரி ஆகிவிட்டது. வீடுகளில் முதல்முறையாக அலமாரிகள் வந்தன. உடுத்த நூல் குறைந்தபோது, பெரியவர்கள் தோல் அரிக்கும் காகிதத் துணியைச் சுற்றிக்கொண்டு அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆண்டு செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. செவிலி குழந்தையைக் காகிதத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டே நாளில் குழந்தையின் இடுக்குகளெல்லாம் சிவந்து, தோல் உரிந்தது.

"பிறவிநூல் எப்பங்க வரும்?" என்று பூங்கோதை கேட்டாள்.

"நூல் அலமாரி காலியாக் கெடக்குதுங்க. நாலு மாசமா யாருக்கும் வரல. உள்ள முப்பத்தியோரு குழந்தைங்க இப்படித்தான்." செவிலி அவளை அடையாளம் தெரியாமல் மேலும் சொன்னார்: "எவளோ ஒருத்தி இந்தப் பூட்டுக்கண்ணியக் கண்டுபிடிச்சாளாமா. அவளுக்குக் கொழந்த குட்டி இருக்காதாட்ட இருக்குது."

செங்கமலம் படுக்கையிலிருந்து அக்காளைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அரசாணை வந்தது. பூட்டிய துணிகளை அவிழ்க்க முடியாது. கத்தரித்தால் முழ நீளத் துண்டுகள்தான் கிடைக்கும். ஆகவே இறந்தவர்களின் உடைகளை அப்படியே ஒப்படைக்கவேண்டும். அவை அப்படியே குழந்தைகளுக்கு வழங்கப்படும். ஊரெங்கும் அழுகையும் சண்டையுமாக இருந்தது. கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது: தங்கள் துணி எந்தக் குழந்தைக்குப் போனது என்ற விவரச் சீட்டு, கொடுத்த குடும்பத்துக்கு வழங்கப்படும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பூங்கோதை முதல் நாளே வரிசையில் நின்று நீலச் சட்டையைக் கொடுத்தாள். சீட்டை நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பார்த்தால் திரும்பப் பார்க்கத் தோன்றும் என்று அவளுக்கு அவளைப் பற்றித் தெரிந்திருந்தது.

செங்கமலத்தின் மகள் துளசிக்கு வந்தது காங்கேயத்துக் காளியப்பன் என்ற கிணற்று மோட்டார் மெக்கானிக்கின் பழுப்புநிறச் சட்டை. முதலில் அது போர்வை, தூளி, விரிப்பு எல்லாமாக இருந்தது. குழந்தை நடக்கத் தொடங்கியபோது கணுக்கால்வரை தொங்கியது. கைகளை எட்டு மடிப்பு மடித்துவிட்டார்கள். அவளுக்கு வேறு துணி கிடையாது.

காளியப்பனின் மனைவி வஞ்சியம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். முதலில் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். பிறகு உள்ளே வந்து சட்டையின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எள்ளுருண்டை கொண்டுவந்தாள், அவனுக்குப் பிடித்தது. துளசி அதை விரும்பித் தின்றாள். "அவரும் இப்படித்தான் கடவாயிலயே வெச்சு மெல்லுவாரு" என்று வஞ்சியம்மாள் சிரித்த முதல் நாளில் செங்கமலமும் கூடச் சிரித்தாள். அவன் எப்படி உட்காருவான், கிணற்றுக்குள் இறங்குமுன் எப்படிக் காறித் துப்புவான், கோபம் வந்தால் என்ன சொல்வான். வாரம் ஒரு கதை. குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது.

பூங்கோதை இந்த ஆண்டுகளிலெல்லாம் ஆய்வகத்தைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. நீராவி கொடுத்துப் பார்த்தாள், குளிரவைத்துப் பார்த்தாள். கண்ணிக்குள் ஊசி விட்டுக் கையால் அவிழ்த்தால் ஒரு மணிக்கு ஒரு வரிசைகூட வரவில்லை. ஒரு கண்ணியைப் பூட்ட ஒரு கொக்கி போதுமென்றால், திறக்க இரண்டு கொக்கிகள் ஒரே கணத்தில் விட்டுக்கொடுக்கவேண்டும். அப்படி ஓர் ஊசியை வார்க்க நான்கு ஆண்டுகள் ஆயின. ஒரு பங்குனி மாதக் காலையில் இரட்டைக்கொக்கி ஊசி முதல் பூட்டைத் திறந்தது. பிறகு இரண்டாவதை. பிறகு வரிசை முழுவதும் மழைத்துளி சொட்டும் வேகத்தில் கழன்று வந்தது.

ஹபீபா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அறிவிச்சா எல்லாத்தையும் அவுத்துருவாங்க, கோதை. உங்க வீட்டுக்காரர் சட்டையும்."

"தெரியுமுங்க மேடம். எழுதி வெச்சிருக்கேன். அனுப்பிருங்க."

அன்று வெள்ளிக்கிழமை. அறிவிப்பு போன கையோடு அவள் புதிய ஊசி பொருத்திய அவிழ்பின்னியை ஆட்டோவில் ஏற்றித் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனாள். துளசிக்கு அவளுடைய சொந்த அளவில் ஒரு பாவாடை சட்டை. நான்கு வயதில் முதல் உடை. அதைவிட அவளுக்கு வேறொன்றும் அப்போது தோன்றவில்லை.

செங்கமலம் இயந்திரத்தைக் கண்டதும் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் முன்பு பாலர் பள்ளியில் பெயர் கேட்டதற்கு, துளசி 'காளியப்பன்' என்று சொல்லியிருந்தாள்.

வஞ்சியம்மாள் ஏற்கெனவே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தாள். பூங்கோதை அவளருகே தரையில் உட்கார்ந்து விவரத்தைச் சொன்னாள். வஞ்சியம்மாள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

துளசி வெளியே விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்தாள். பழுப்புச் சட்டையின் ஓரம் புழுதியில் இழுபட்டது. வஞ்சியம்மாள் அழுவதைக் கண்டதும் நின்றாள். நேரே அவளிடம் போய், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மடித்த கைநுனியால் அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழுவாத புள்ளே," என்றாள். "நான் எங்க போயிட்டேன்? இங்கதான இருக்கறேன்."

குரல் சின்னக் குழந்தையின் குரல். ஆனால் வஞ்சியம்மாளின் முகம் வெளுத்துப்போனது. இத்தனை நாள் எதைக் கேட்க ஏங்கி அவள் அந்த வாசலுக்கு வந்தாளோ அது கிடைத்தேவிட்டது. அவள் குழந்தையின் கையைத் தன் கன்னத்திலிருந்து மெதுவாக விலக்கினாள்.

"ஏஞ்சாமி, நான் உன்னைய என்ன பண்ணி வெச்சிருக்கேன்..." பிறகு பூங்கோதையிடம், பிடிவாதமான குரலில்: "அவுத்துருங்க அம்மிணி. இப்பவே. நான் மனசு மாறுறதுக்குள்ள."

துளசி விடவில்லை. சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். "வேண்டாம் பெரிம்மா! அவுக்காதீங்க! அவுத்தா நான் செத்துப் போயிருவேன்!" அவள் தாய்தான் கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

இயந்திரம் சட்டையைக் கவ்வியது. பச்சை விளக்கு எரிந்தது. முழங்கை போயிற்று, தோள் போயிற்று, கழுத்துப்பட்டை போயிற்று. வஞ்சியம்மாள் கடைசி வரிசை கழலும்வரை நின்று பார்த்தாள். பிறகு எள்ளுருண்டைப் பொட்டலத்தைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மறுபக்கத்தில் செம்பருத்தி நிறத்தில் ஒரு சின்னப் பாவாடையின் விளிம்பு எட்டிப்பார்த்தது. துளசி காகிதத் துணியைப் போர்த்திக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுவிட்டது. கண்கள் ஏறியிறங்கும் ஊசிகளின்மேல் இருந்தன. பூங்கோதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தொட்டாள்.

"கண்ணு, இங்க பாரு. உன்ற பேரு என்ன, சொல்லு?"

குழந்தை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருங்க பெரிம்மா," என்றாள். "இன்னும் பின்னி முடியல."